சிபியு புதுசு, ஆனா கர்னல் ஏன் டிஎஸ்சியை நம்ப மாட்டேங்குது?

கேள்வி கேட்டவர் சொன்னதைச் சுருக்கமா ஒரு தடவை எழுதிடறேன். ரெண்டு மெஷின், ரெண்டுலயும் ஒரே லினக்ஸ், ஒரே கர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி), ஒரே புரோகிராம். முதல் மெஷின்ல கிளாக் கெட்டைம் கால் (புரோகிராம் மணி கேக்கற கால்) 25 நானோசெகண்ட்ல முடியுது, ரெண்டாவதுல ஒன்றரை மைக்ரோசெகண்ட் கிட்ட ஆகுது. ரெண்டாவதுதான் புது சிபியு. டிமெசேஜ்ல, அதாவது கர்னல் லாக்ல, பாத்தா 'மார்க்கிங் டிஎஸ்சி அன்ஸ்டேபிள்'னு (சிபியு உள்ள இருக்கற டிஎஸ்சி கவுண்டரை நம்ப முடியாதுன்னு) ஒரு லைன், அப்புறம் கிளாக்சோர்ஸ் (கர்னல் மணி பாக்கற டைமர்) சிப்செட்ல இருக்கற ஹெச்பெட்டுக்கு மாறிடுச்சுன்னு இன்னொரு லைன். பூட் லைன்ல (கர்னல் கிளம்பறப்ப குடுக்கற ஆப்ஷன்கள்) டிஎஸ்சி=ரிலையபிள்னு போட்டா போதுமான்னு கேட்டிருக்கீங்க. ஆனா நீங்க உண்மையில கேக்குறது வேற ஒண்ணுன்னு நினைக்கிறேன். என் கிட்ட இருக்கற டைமர் நல்ல டைமர்னு சிபியு சொல்லுது, அதெல்லாம் இல்லன்னு கர்னல் சொல்லுது, ரெண்டு பேர்ல யார் சொல்றது சரி? பதினாறு வருஷமா சர்வர் பக்கமே வேலை பாக்குறேன், இந்தப் பஞ்சாயத்தை நிறைய தடவை பாத்துட்டேன். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல அந்த 25 நானோசெகண்ட் எப்படி வருதுன்னு புரிஞ்சுக்கணும். டிஎஸ்சிங்கறது சிபியு உள்ளேயே இருக்கற 64 பிட் கவுண்டர், 1993-ல பென்டியத்தோட வந்தது. ஆர்டிடிஎஸ்சின்னு ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டா அந்த நம்பர் ரெஜிஸ்டருக்கு வந்துடும், யார் கிட்டயும் பர்மிஷன் கேக்க வேண்டாம், கர்னலுக்குள்ளயும் போக வேண்டாம். கர்னல் என்ன பண்ணுதுன்னா, கடைசியா டைம் அப்டேட் பண்ணப்ப டிஎஸ்சி எவ்வளவு, அப்ப மணி எவ்வளவு, ஒரு டிக்கை நானோசெகண்டா மாத்த எந்த நம்பரால பெருக்கணும், இந்த மூணையும் ஒரு பேஜ்ல எழுதி எல்லா புரோகிராமும் படிக்கற மாதிரி மாட்டி வெச்சிருக்கும். விடிஎஸ்ஓ கோட் (கர்னல் ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளயும் மாட்டி வெக்கற சின்ன கோட்) அந்தப் பேஜைப் படிக்கும், இப்போதைய டிஎஸ்சியைப் படிக்கும், கழிச்சுப் பெருக்கிக் கூட்டும், அவ்வளவுதான். சிஸ்கால்னு ஒண்ணு, அதாவது கர்னலுக்குள்ள போய் வர்றது, நடக்கவே இல்ல. கையில கட்டியிருக்கற வாட்சைத் திருப்பிப் பாக்குற மாதிரி.

டிஎஸ்சி போச்சுன்னா மிச்சம் இருக்கறது எல்லாம் சிபியுக்கு வெளியில சிப்செட்ல இருக்கற டைமர்கள். பழைய பிட் டைமர் 1.193182 மெகாஹெர்ட்ஸ், ஏசிபிஐ பிஎம் டைமர் 3.579545, ஹெச்பெட் பெரும்பாலும் 14.31818. இந்த விசித்திரமான நம்பர்கள் எல்லாம் ஒரே குடும்பம், 14.31818-ஐ நாலால வகுத்தா 3.579545, பன்னண்டால வகுத்தா 1.193182. அந்த 3.579545 அமெரிக்கக் கலர் டிவி சிக்னலோட ஃப்ரீக்வென்சி, அந்தக் காலத்துல அந்தக் கிரிஸ்டல் மலிவாக் கிடைச்சதால பிசிக்குள்ள வந்து இன்னிக்கு வரைக்கும் ஒட்டிக்கிட்டு இருக்கு. விஷயம் என்னன்னா இதைப் படிக்கணும்னா புரோகிராம் கர்னலுக்குள்ள போகணும், கர்னல் சிப்செட் வரைக்கும் ஒரு ரீட் அனுப்பி, பதில் வர்ற வரைக்கும் கோர் சும்மா நிக்கணும். கேஷ் கிடையாது. வாட்சைப் பாக்குறதுக்குப் பதிலா ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போய் அங்க மாட்டியிருக்கற கடிகாரத்தைப் பாத்துட்டு வர்ற கதை. அதுவும் அங்க கடிகாரம் ஒண்ணுதான், 32 கோரும் ஒரே நேரத்துல போனா வரிசையில நிக்கணும். 2018-ல மெல்ட்டவுன்ங்கற சிபியு பாதுகாப்பு ஓட்டைக்காகப் பேட்ச் வந்ததுக்கு அப்புறம், அது தேவைப்படற சிபியுல சிஸ்கால் செலவே கூடிடுச்சு, அதனால முன்னாடி கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் அப்புறம் நல்லாவே தெரிய ஆரம்பிச்சது. உங்க 25 நானோவும் ஒன்றரை மைக்ரோவும் இப்படித்தான், இதுல சந்தேகமே இல்ல.

சரி, ஏன் நம்ப மாட்டேங்குது? டிஎஸ்சி வெறும் கவுண்டர். அதை மணியாப் பயன்படுத்தணும்னா நாலு வாக்கு வேணும். ஒரே வேகத்துல ஓடணும், சிபியு தூங்கினாலும் நிக்கக் கூடாது, எல்லாக் கோர்லயும் ஒரே நம்பர் இருக்கணும், நடுவுல யாரும் அதுல கை வைக்கக் கூடாது. 1993-ல இந்த நாலு வாக்கையும் யாரும் குடுக்கல, குடுக்கணும்னு யாருக்கும் தோணவும் இல்ல, ஏன்னா அப்ப ஒரு சிபியு, ஒரே வேகம். அது கோர் கிளாக்கை எண்ணற கவுண்டர்தான். அப்புறம் லேப்டாப்ல பேட்டரி சேமிக்க சிபியு வேகத்தைக் குறைக்க ஆரம்பிச்சாங்க, வேகம் பாதியானா கவுண்டரும் பாதி வேகத்துல ஓடும், மணியும் அதோட போயிடும். பழைய கர்னல் லாக்ல 'சிபியுஃப்ரெக் மாறினதால டிஎஸ்சி அன்ஸ்டேபிள்'னு வர்றது இதுதான்.

இதோட உச்சம் 2005-ல வந்த ஏஎம்டி அத்லான் 64 எக்ஸ்2. ரெண்டு கோர், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி டிஎஸ்சி, ஒரு கோர் ஐடிலா இருக்கறப்ப அதோட கவுண்டர் மெதுவாகும், இன்னொண்ணு ஓடிக்கிட்டே இருக்கும். கொஞ்ச நேரத்துல ரெண்டுக்கும் நடுவுல பெரிய இடைவெளி. அப்ப கேம் எல்லாம் டிஎஸ்சியை நேரடியாப் படிச்சுதான் ஃப்ரேம் டைமிங் போடும், த்ரெட் ஒரு கோர்ல இருந்து இன்னொரு கோருக்குப் போனா மணி பின்னாடி போயிடும், கேரக்டர் திடீர்னு வெட்டி வெட்டி ஓடும். ஏஎம்டி இதுக்குன்னே டூயல் கோர் ஆப்டிமைசர்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர் விட்டாங்க, விண்டோஸ் எக்ஸ்பியில பூட் ஃபைல்ல யூஸ்பிஎம்டைமர்னு ஒரு ஆப்ஷன் போட்டு மெதுவான பிஎம் டைமருக்கே மாத்தினாங்க. அதாவது நீங்க இப்ப புலம்பற அதே முடிவைத்தான் இருபது வருஷத்துக்கு முன்னாடி வேணும்னே எடுத்தாங்க, காரணம் அதே காரணம்.

அதுக்கப்புறம் சிப் கம்பெனிகள் ஒவ்வொரு வாக்காக் குடுக்க ஆரம்பிச்சாங்க. பிராசசர் ஃப்ளாக்ல கான்ஸ்டன்ட் டிஎஸ்சின்னு இருந்தா முதல் வாக்கு, கோர் எந்த வேகத்துல ஓடினாலும் கவுண்டர் ஒரே வேகம். நான்ஸ்டாப் டிஎஸ்சின்னு இருந்தா ரெண்டாவது வாக்கு, ஆழ்ந்த தூக்கத்துலயும் நிக்காது. இதுல நிறைய பேர் குழப்பிக்கறாங்க, கோர் 2 காலத்து லேப்டாப்ல முதலாவது உண்டு ரெண்டாவது கிடையாது, அதனாலதான் அதுல 'டிஎஸ்சி ஹால்ட்ஸ் இன் ஐடில்'னு மெசேஜ் வரும். ரெண்டும் சேர்ந்ததைத்தான் இன்வேரியன்ட் டிஎஸ்சின்னு சொல்றாங்க, இன்டெல்ல 2008 நெஹேலம்ல இருந்து உண்டு. உங்க புது சிபியுல இந்த ரெண்டு ஃப்ளாக்கும் நிச்சயம் இருக்கும். நீங்க 'சிபியு நல்லாத்தானே இருக்கு'ன்னு சொல்றதும் இதை வெச்சுத்தான். ஆனா கவனிங்க, ஃப்ளாக் குடுக்கறது முதல் ரெண்டு வாக்கைத்தான். எல்லாக் கோர்லயும் ஒரே நம்பர் இருக்கும்னோ, யாரும் கை வைக்கலன்னோ அந்த ஃப்ளாக் எங்கயும் சொல்லல. அது சிப்போட கையில மட்டும் இல்ல, மதர்போர்டும் பயாஸும் (போர்டோட ஃபர்ம்வேர்) சேர்ந்து காப்பாத்த வேண்டிய வாக்கு.

இங்கதான் பெரும்பாலும் உடையுது. ரீசெட் ஆகறப்ப எல்லாக் கோரோட கவுண்டரும் ஒண்ணா பூஜ்யத்துல இருந்து கிளம்பும். ஓஎஸ் ஏறுறதுக்கு முன்னாடி பயாஸ்தான் ராஜா. டிஎஸ்சியில எழுதவும் முடியும், ஒரு கோர்ல மட்டும் ஏதோ காரணத்துக்காக ஒரு நம்பரை எழுதிட்டு மத்த கோர்ல எழுதாம விட்டா அதோட முடிஞ்சது. இன்னொரு பழைய வேலையும் உண்டு. எஸ்எம்ஐன்னு ஒரு இன்டரப்ட் வந்தா ஓஎஸ்ஸுக்கே தெரியாம பயாஸ் கோட் ஓடும், அந்த நேரம் வெளியில தெரியக் கூடாதுன்னு திரும்பறப்ப டிஎஸ்சியைப் பழைய நம்பருக்கே திருப்பி வெச்ச ஃபர்ம்வேர் எல்லாம் இருந்திருக்கு. கர்னல் பக்கம் இருந்து பாத்தா ஒரு கோர்ல மட்டும் மணி சத்தம் இல்லாம பின்தங்கிப் போகும்.

இதைக் கண்டுபிடிக்க கர்னல் பண்ற டெஸ்ட் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ரெண்டாவது கோரை எழுப்பறப்ப ரெண்டு கோரும் ஒரு லாக்கை மாத்தி மாத்திப் பிடிச்சு டிஎஸ்சியைப் படிக்கும், ஒவ்வொரு தடவையும் போன ஆள் படிச்ச நம்பரை விட என் நம்பர் பெருசா இருக்கான்னு பாக்கும். ஒரே ஒரு தடவை சின்னதா வந்தாலும் போச்சு, ஏன்னா நேரம் பின்னாடி போனதுக்கு அது சாட்சி. இதுக்கு ஆகற நேரம் அதிகபட்சம் 20 மில்லிசெகண்ட்தான். ஃபெயில் ஆனா 'இத்தனை சைக்கிள் வார்ப் (நம்பர் பின்னாடி போன அளவு), டிஎஸ்சியை நிறுத்தறேன்'னு எழுதிட்டு ஹெச்பெட்டுக்குப் போயிடும். இன்டெல் ஹாஸ்வெல்ல இருந்து டிஎஸ்சி அட்ஜஸ்ட்னு ஒரு ரெஜிஸ்டர் சேர்த்தாங்க, யாராவது டிஎஸ்சியில எழுதினா எவ்வளவு மாத்தினாங்கன்னு அதுல பதிவாகும். தாமஸ் கிளெய்க்ஸ்னர் 4.10 கர்னல்ல இதைப் பயன்படுத்தற கோடைச் சேர்த்தார், அதுல இருந்து பயாஸ் கை வெச்சா கர்னல் 'ஃபர்ம்வேர் பக்'னு எழுதி அந்த மாத்தத்தையே திருப்பிப் போட்டுடும். இந்த ரெஜிஸ்டர் இல்லாத சிப்ல கர்னலால தப்பைக் கண்டுபிடிக்க முடியும், திருத்த முடியாது. ரைசன் முதல் சில தலைமுறைகள்ல இது கிடையாது, ஒரே ரக பயாஸ் தப்பு இன்டெல்ல தானாச் சரியாகி ஏஎம்டியில டிஎஸ்சியே போயிடறதுக்கு இது ஒரு காரணம். ஏஎம்டி சிப் மட்டம்னு அர்த்தம் இல்ல.

நான் நேரில பாத்த ஒண்ணைச் சொல்றேன். முன்னாடி வேலை பாத்த இடத்துல ஒரே ஆர்டர்ல ரெண்டு சாக்கெட் சர்வர் பன்னண்டு வாங்கினாங்க. அதுல மூணு மட்டும் டேட்டாபேஸ் லோட்ல மத்ததை விட மெதுவு. டிஸ்கை மாத்தினோம், ரேமை மாத்தினோம், நெட்வொர்க் கேபிள் வரைக்கும் மாத்தியாச்சு. ஒரு ராத்திரி பர்ஃப் டாப் (சிபியு நேரம் எந்த ஃபங்‌ஷனுக்குப் போகுதுன்னு காட்டற டூல்) ஓட்டிட்டு உக்காந்திருந்தேன், ஸ்கிரீன்ல முதல் லைன்ல ரீட் ஹெச்பெட்னு ஒரு ஃபங்‌ஷன், அதுக்குக் கீழதான் டேட்டாபேஸோட சொந்த கோடே வருது. டேட்டாபேஸ் ஒவ்வொரு குவெரிக்கும் பல இடத்துல மணி பாக்கும், அது எல்லாம் ஸ்டேஷனுக்கு நடந்து போயிட்டு வந்துக்கிட்டு இருந்தது. டிமெசேஜை மேல ஏத்திப் பாத்தா பூட் ஆன முதல் செகண்ட்லயே வார்ப் மெசேஜ், அதுல இருந்த நம்பர் 300 கோடிக்கும் மேல. மூணு கிகாஹெர்ட்ஸ் சிப்ல 300 கோடி சைக்கிள்னா ஒரு முழு செகண்ட். அதைப் பாத்ததும் இது ஹார்ட்வேர்ல வர்ற சின்ன வித்தியாசம் இல்ல, யாரோ எழுதியிருக்காங்கன்னு தெரிஞ்சுபோச்சு. மூணு மெஷின்லயும் பயாஸ் வெர்ஷன் மட்டும் ஒரு படி பழசு. அப்டேட் பண்ணி, பவர் கேபிளையே கழட்டி ஒரு நிமிஷம் விட்டு மாட்டினோம், மெசேஜ் காணோம், வேகமும் வந்துடுச்சு. ரெண்டு வாரம் அலைஞ்ச விஷயம்.

ஆனா எப்பவும் குத்தவாளி டிஎஸ்சி பக்கம்தான்னு நினைக்காதீங்க, நீதிபதியே தப்பு பண்ண கேஸும் உண்டு. பூட் டெஸ்ட் பாஸ் ஆனாலும் கர்னல் விடாது, வாட்ச்டாக்னு ஒண்ணு அரை செகண்டுக்கு ஒரு தடவை டிஎஸ்சியை ஹெச்பெட்டோடயோ பிஎம் டைமரோடயோ ஒப்பிட்டுப் பாத்துக்கிட்டே இருக்கும். ரெண்டும் ஒத்துப் போகலன்னா 'ஸ்க்யூ (விலகல்) ரொம்ப அதிகம்'னு சொல்லி டிஎஸ்சியை ஒதுக்கிடும். இதுல ஹெச்பெட் சொல்றதுதான் உண்மைன்னு எடுத்துக்கறோம் பாருங்க, அங்கதான் சிக்கல். இன்டெல் காஃபி லேக் சிப்கள்ல பிசி10-ங்கற ஆழ்ந்த தூக்கத்துக்குப் போனா சில மெஷின்ல ஹெச்பெட்டே பிசகிடும். எழுந்து பாத்தா டிஎஸ்சி சரியா ஓடியிருக்கும், ஹெச்பெட் பின்தங்கியிருக்கும், பழி விழறது டிஎஸ்சி மேல. 2019-ல கர்னல்ல காஃபி லேக்குக்கு ஹெச்பெட்டையே நிறுத்தற பேட்ச் வந்தது. யோசிச்சுப் பாருங்க, அதுவரைக்கும் அந்த மெஷின் எல்லாம் நல்ல கடிகாரத்தைத் தூக்கிப் போட்டுட்டு தப்பான கடிகாரத்தை வெச்சுக்கிட்டு ஓடியிருக்கு.

பிஎம் டைமர்ல வேற மாதிரி. அது பல மெஷின்ல 24 பிட்தான், கணக்குப் போட்டா 4.69 செகண்டுக்கு ஒரு தடவை திரும்ப பூஜ்யத்துக்கு வந்துடும். லோட் அதிகமாகியோ, விர்ச்சுவல் மெஷினை ஹோஸ்ட் (அதை ஓட்டற நிஜ மெஷின்) கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சோ வாட்ச்டாக் அஞ்சு செகண்ட் ஓடலன்னா, பிஎம் டைமர் ஒரு சுத்து சுத்தி வந்தது அதுக்குத் தெரியாது, டிஎஸ்சிதான் எகிறிடுச்சுன்னு முடிவு பண்ணிடும். ஹெச்பெட் 32 பிட்டா இருந்தா இதுக்கு அஞ்சு நிமிஷம் கிட்ட ஆகும், அதனால அங்க இது அபூர்வம். 5.14 கர்னல்ல இருந்து வாட்ச்டாக் படிக்கறப்ப நடுவுல லேட் ஆச்சான்னு மறுபடி மறுபடி படிச்சுப் பாக்குது, பொய்ப் புகார் நிறைய குறைஞ்சது. அதுக்கப்புறம் வந்த கர்னல்கள்ல சாக்கெட் கம்மியா இருந்து, மேல சொன்ன ஃப்ளாக்கும் அட்ஜஸ்ட் ரெஜிஸ்டரும் இருக்கற மெஷின்ல டிஎஸ்சிக்கு வாட்ச்டாக்கே போடறதில்ல.

வேகம் தெரியலங்கறது இன்னொரு ரகம். கவுண்டர் நிலையா ஓடுது, ஆனா செகண்டுக்கு எத்தனை டிக்? இன்டெல் ஸ்கைலேக் எக்ஸ் சிப்ல கிரிஸ்டல் 25 மெகாஹெர்ட்ஸ்னு கர்னல்ல கையால எழுதி வெச்சிருந்தாங்க. அதே மாடல் நம்பர்ல வந்த வொர்க்ஸ்டேஷன்ல உண்மையில 24. நாலு சதவீதம், ஒரு மணி நேரத்துக்கு ரெண்டரை நிமிஷம் கிட்ட மணி பின்தங்கிப் போகும். சர்வர் ரகத்துலயோ ரேடியோ இரைச்சலைக் குறைக்கற சர்க்யூட் ஒண்ணு கிரிஸ்டல் வேகத்தைக் கால் சதவீதம் குறைச்சுக்கிட்டு இருந்தது, பத்து நிமிஷத்துக்கு ஒரு செகண்டுக்கு மேல போயிடும், நெட்வொர்க் வழியா மணியைத் திருத்தற என்டிபியால அவ்வளவு பெரிய பிசகைச் சரிக்கட்ட முடியாது. 2017 கடைசியில இன்டெல்காரங்களே அந்த 25-ஐ எடுத்துட்டு அளந்து பாத்துக்கற முறைக்குத் திருப்பினாங்க. டிஎஸ்சி 'ஃபெயில்' ஆகலன்னாலும் தப்பு மணி சொல்ல முடியும்னு காட்டத்தான் இதைச் சொல்றேன்.

இது எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி சிப் குடும்பம்) நோய்னும் நினைக்க வேண்டாம். மொபைல்லயும் சின்ன போர்டுலயும் வர்ற ஆர்ம் சிப்ல ஆர்க்கிடெக்சர் டைமர்னு அதே மாதிரி ஒண்ணு உண்டு, ஆல்வின்னர் ஏ64 சிப்ல (பைன்64 போர்டுல இருக்கறது) அந்த கவுண்டரைக் கீழ்ப் பிட்கள் எல்லாம் உருளற நேரம் பாத்துப் படிச்சா தப்பு நம்பர் வரும். நேரம் கொஞ்சூண்டு பின்னாடி போன மாதிரி தெரியும், கர்னல் அதை ஒரு முழு சுத்து முன்னாடி போயிட்டதா எடுத்துக்கும், தேதி ஒரே தாவா 95 வருஷம் தாண்டிடும். 95 எங்கிருந்து வருதுன்னா கர்னல் அந்தக் கவுண்டர்ல 56 பிட்டைத்தான் எடுத்துக்குது, ரெண்டோட 56-ஆம் அடுக்கை 24 மெகாஹெர்ட்ஸால வகுத்துப் பாருங்க, சரியா வரும். இதுக்கு மருந்து, சந்தேகப்படற நம்பர் வந்தா திரும்பத் திரும்பப் படிக்கறது. ஆனா அப்படிச் செய்யணும்னா புரோகிராம் நேரடியாப் படிக்க விடக் கூடாது, கர்னலுக்குள்ள வரவெச்சுத்தான் படிக்கணும், வேகம் போச்சு. முதல் ராஸ்பெர்ரி பையில நிலைமை இன்னும் எளிமை, அந்தப் பழைய ஆர்ம் கோர்ல இந்த டைமரே கிடையாது.

கிளவுட்ல இருக்கறவங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. விர்ச்சுவல் மெஷின் ஓடிக்கிட்டு இருக்கறப்பவே வேற வேகத்துல ஓடற ஹோஸ்ட்டுக்கு மாத்திட்டா உள்ள இருக்கற டிஎஸ்சிக்கு வாக்கு எதுவும் செல்லாது, அதனால கேவிஎம் கிளாக் மாதிரி ஹோஸ்ட் குடுக்கற டைமர் வந்தது. ஹோஸ்ட்ல டிஎஸ்சி நல்லா இருந்தாதான் அதுவும் சிஸ்கால் இல்லாம ஓடும். அங்க டைம் மெதுவா இருந்தா உங்க கைக்குள்ள இருக்கற பிரச்சினை இல்ல, இன்ஸ்டன்ஸ் டைப்பை மாத்திப் பாருங்க.

இப்ப உங்க மெஷினுக்கு வருவோம். இங்க உக்காந்துக்கிட்டு உங்களுக்கு எந்த வாக்கு உடைஞ்சதுன்னு சொல்ல முடியாது, நீங்க போட்டிருக்கற மெசேஜ் பாதிதான் இருக்கு. அந்த லைனோட மீதியில காரணம் இருக்கும். 'செக் டிஎஸ்சி சிங்க் ஃபெயில்ட்'னு இருந்தா பூட்லயே கோருக்குக் கோர் ஒத்துப் போகல, அதுக்கு மேல் லைன்ல வார்ப் எத்தனை சைக்கிள்னு பாருங்க. கோடிக்கணக்குல இருந்தா பயாஸ் எழுதியிருக்குன்னு நான் அடிச்சுச் சொல்வேன். சில நூறு சைக்கிள்தான்னா அவ்வளவு உறுதியாச் சொல்ல மாட்டேன், போர்டு டிசைனா இருக்கலாம், ரீசெட்டோட கோளாறா இருக்கலாம். 'ஸ்க்யூ இஸ் டூ லார்ஜ்'னு இருந்தா வாட்ச்டாக் குடுத்த தீர்ப்பு, அப்ப கூடவே ரெண்டு பக்கமும் எவ்வளவு நேரம் ஓடிச்சுன்னு அச்சாகியிருக்கும், எந்தப் பக்கம் அரை செகண்டுக்குக் கிட்ட இருக்கோ அதுதான் பெரும்பாலும் உண்மை சொல்ற ஆள். லேப்டாப்பை மூடித் திறந்ததுக்கு அப்புறம்தான் வருதுன்னா ரெஸ்யூம் பண்ற ஃபர்ம்வேர் மேலதான் என் சந்தேகம் போகும். பாக்க வேண்டிய வரிசை இதுதான்: முதல்ல பயாஸ் அப்டேட், அப்புறம் ரீபூட் மட்டும் பண்ணாம பவரை முழுசா எடுத்துட்டு ஒரு தடவை ஏத்திப் பாக்கறது, அப்புறம் 5.14-க்கு மேல உள்ள கர்னல்.

டிஎஸ்சி=ரிலையபிள் போடலாமா? அது கடிகாரத்தைச் சரி பண்ணாது, கண்ணை மூடிக்கும். வாட்ச்டாக்கையும் நிறுத்தும், பூட் டெஸ்டையும் நிறுத்தும். வார்ப் மெசேஜ் வந்த மெஷின்ல இதைப் போடவே போடாதீங்க. அந்தப் பன்னண்டு சர்வர் சமயத்துல கூட வேலை பாத்த ஒருத்தர், பயாஸ் அப்டேட்டுக்கு டவுன்டைம் கிடைக்காததால ஒரு மெஷின்ல இதைப் போட்டுட்டார். வேகம் உடனே வந்துடுச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். மறுநாள் சாயங்காலம் வேலைகளை வரிசையில வெச்சு ஓட்டற சர்வீஸ் ஒண்ணு அப்படியே நின்னுபோச்சு, எரர் கிடையாது, சிபியு பூஜ்யம். லாக்ல பக்கத்துப் பக்கத்து லைன்ல மணி ஒரு செகண்ட் முன்னாடியும் பின்னாடியும் தாவுது. அந்த புரோகிராம் முடிஞ்ச நேரத்துல இருந்து ஆரம்பிச்ச நேரத்தைக் கழிக்கும், மைனஸ் வந்துடுச்சு, அதை அன்சைன்ட் நம்பர்ல போட்டதும் பல நூறு வருஷத்துக்கு டைமர் செட் ஆகி அது பாட்டுக்குத் தூங்கப் போயிடுச்சு. மெதுவா இருந்தப்ப யாருக்கும் ஒரு ரெக்கார்டு கூடத் தப்பாப் போகல. வாட்ச்டாக் மட்டும்தான் புகார் பண்ணுது, பூட் டெஸ்ட் பாஸ், ரெண்டு ஃப்ளாக்கும் இருக்கு, ஒரு சாக்கெட் மெஷின், பிஎம் டைமர்தான் நீதிபதி, இத்தனையும் பொருந்தினா டிஎஸ்சி=நோவாட்ச்டாக் போட்டுப் பாக்கலாம், அதுல பூட் டெஸ்ட் அப்படியே இருக்கும். போட்டதுக்கு அப்புறம் ஒரு வாரம் என்டிபியோட எவ்வளவு விலகுதுன்னு கட்டாயம் கவனிங்க.

அதுவரைக்கும் ஹெச்பெட்லயே ஓட்டணும்னா ஒரு வழி இருக்கு. லாக்ல போட, கேஷ் காலாவதி பாக்க, இந்த மாதிரி மில்லிசெகண்ட் துல்லியம் போதும்னு இருக்கற இடத்துல எல்லாம் கோர்ஸ் கிளாக்னு சொல்ற கிளாக் மோனோட்டானிக் கோர்ஸைப் பயன்படுத்துங்க. அது கடைசி டிக்ல கர்னல் எழுதி வெச்ச மணியை அந்தப் பேஜ்ல இருந்து அப்படியே எடுத்துக் குடுக்கும், எந்த ஹார்ட்வேரையும் படிக்காது, அதனால ஹெச்பெட் மெஷின்லயும் சில நானோசெகண்ட்தான். கர்னல் டிக்கைப் பொறுத்து ஒண்ணுல இருந்து பத்து மில்லிசெகண்ட் வரைக்கும் பழசா இருக்கலாம், அவ்வளவுதான். தயவுசெஞ்சு 'கர்னல் தரலன்னா நானே ஆர்டிடிஎஸ்சி போட்டுப் படிச்சுக்கறேன்'னு மட்டும் கிளம்பிடாதீங்க, கர்னல் எதுக்காக ஒதுக்குச்சோ அதே தப்பு நம்பர் உங்க கையிலயும் வரும், உங்களுக்குச் சொல்ல வாட்ச்டாக் கூட இருக்காது.

டிமெசேஜ்ல டிஎஸ்சி, கிளாக்சோர்ஸ், ஹெச்பெட் இந்த மூணு வார்த்தையில ஏதாவது ஒண்ணு வர்ற எல்லா லைனையும் முழுசா, மணியோட சேர்த்துப் போடுங்க. பயாஸ் தேதியும் கர்னல் வெர்ஷனும் வேணும். வார்ப் நம்பரைப் பாத்துட்டு அடுத்ததைச் சொல்றேன்.